அவிழ்க்காத சாக்கு

அன்புள்ள அக்கா,

போன மாதம் பொம்மிடியில் ரயிலிறங்கி பஸ் ஏறினேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாளின் மடியில் கருவாட்டுப் பை இருந்தது. முன் சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு உங்கள் கைப்பை நினைவுக்கு வந்தது. ஒரு பக்கம் தடுப்பூசி அட்டைகள், இன்னொரு பக்கம் செய்தித்தாளில் சுற்றிய நெத்திலிக் கருவாடு. ஊர் முழுக்க அந்த வாசனையோடுதான் நீங்கள் பிள்ளைகளுக்கு ஊசி போட்டீர்கள்.

அன்று நான் உங்கள் ஊரிலிருந்துதான் திரும்பிக்கொண்டிருந்தேன். உங்கள் தங்கையின் கடிதம் எனக்குக் கிடைத்தபோது உங்கள் அடக்கம் முடிந்து பல நாள் ஆகியிருந்தது. கல்லறைக்கு இன்னும் சிலுவை வைக்கவில்லை, மண் மட்டும் மேடாகக் கிடந்தது. சொல்வதற்கென்று ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். சொல்லாமல் வந்துவிட்டேன். தங்கை கூடவே நின்றிருந்தார் என்பது காரணமில்லை.

எண்பத்திரண்டில் நான் கம்பைநல்லூர் நூலகத்துக்கு மாற்றலாகி வந்தபோது, அது பழைய மண்டிக் கட்டடத்தில் இருந்தது. எலிகள் புத்தகங்களைக் கீழ் அடுக்கிலிருந்து தின்றுகொண்டு வந்தன. ஒரு பெண் பூனையைக் கொண்டுவந்து விட்டேன். அடுத்த வருஷம் பதினோரு பூனைகள். ஊரில் அதற்கு ஒரே வழிதான்: குட்டிகளைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிடுவது. நானும் சாக்கோடு கிளம்பினேன். வழியில் நீங்கள் சைக்கிளை நிறுத்தினீர்கள்.

“என்ன லைப்ரரி, சாக்குல புத்தகமா? கத்துதே.”

பூனைக்குட்டிகள் என்றேன். சாக்கை வாங்கி உங்கள் கேரியரில் வைத்துக்கொண்டு, “பொறந்த பின்னாடி சாக்கு தேடறதுக்கு, பொறக்காம பாத்துக்கலாம். ஊருக்கெல்லாம் அதத்தான சொல்லிட்டுத் திரியறேன்” என்றீர்கள்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் முதலில் சிரித்தார். “கன்னுக்குட்டிக்கே மருந்து பத்தல சிஸ்டர், பூனைக்கு ஆபரேஷனா?” நீங்கள் வாரம் தவறாமல் வியாழக்கிழமை போய் அவர் மேஜை முன்னால் நின்றீர்கள். நாலாவது வாரம் ஒப்புக்கொண்டார். டீக்கடையில் ஒருவர், “குடும்பக்கட்டுப்பாட்டுக்குப் பொம்பளைங்க சிக்கலன்னு நர்சம்மா பூனைய புடிக்கறாங்க” என்றார். நீங்கள் சைக்கிளிலிருந்து இறங்கக்கூட இல்லை. “ஆம்பளைங்களும் சிக்கலீங்களே மாமா. நீங்க வர்றீங்களா? பத்து நிமிஷ வேலதான்.” அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

அந்தப் பூனைகளைப் பார்த்துத்தான் கோவிந்தம்மாளுக்கு ஆபரேஷன் செய்துகொள்ளத் தைரியம் வந்தது. நூலகத்துக்குப் பின் தெருவில் இருந்தவள். மூன்று பெண் பிள்ளைகள். மூன்றாவது பிரசவத்தில் அவளைப் பிழைக்க வைத்ததே நீங்கள்தான். இன்னொன்று உண்டானால் தாங்காது என்று எத்தனையோ முறை சொல்லியிருந்தீர்கள். கத்தி என்றாலே அவளுக்கு உடம்பு நடுங்கும்.

“அந்தப் பூன நாலாம் நாளே செவுரு ஏறுதே நர்சம்மா. நானும் எந்திரிச்சிடுவனா?”

“அதுக்கு மாமியார் இல்ல. உனக்கு ஒரு வாரம் ஆவும்.”

அவள் சிரித்துவிட்டு ஒரு நிபந்தனை வைத்தாள். “மொதல்ல எங்க வூட்டுப் பூனைக்குப் பண்ணுங்க. அது நல்லபடியா வந்துதுன்னா, அடுத்த வாரம் நான் வரேன்.”

அந்த வியாழக்கிழமை உங்களுக்கு வேறு கிராமத்தில் முகாம். பூனையைப் பிடிக்கும் வேலை முதல் முறையாக எனக்குத் தனியாக வந்தது. நீங்கள் சொல்லித் தந்த முறை எனக்கு மனப்பாடம். வயிற்றைத் திருப்பி, காம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பால் வந்தால் விட்டுவிட வேண்டும். குட்டிகள் சோறு தின்னப் பழகிய பிறகுதான் தாயைத் தொடலாம். அதைத்தான் நாம் ‘பால் பார்ப்பது’ என்போம்.

கோவிந்தம்மாள் வீட்டில், கருவாட்டுக்கு வந்த பூனையைச் சாக்கில் அள்ளிக் கட்டினேன். முழங்கை வரை கீறிவிட்டது. அது குட்டி போட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. “குட்டிங்க எங்க?” என்று கோவிந்தம்மாளைக் கேட்டேன்.

“தூக்கிட்டுப் போயிடுச்சுங்க. ஏழு வூடு மாத்தும்ல?”

ஏணி வைத்துப் பரணில் ஏறிப் பார்த்தேன். காலி. ஏழு வீடு மாற்றும் பூனை எந்த வீட்டில் வைத்திருக்கிறதோ, நாய்தான் தின்றதோ என்று நானே முடிவு செய்துகொண்டேன். சாக்கை அவிழ்த்துப் பார்த்தால் தெரிந்திருக்கும். கை எரிந்தது. அவிழ்த்தால் ஓடிவிடும் என்ற பயமும் இருந்தது. அதைவிட, ஒருமுறையாவது நான் தனியாகப் பிடித்துவந்தேன் என்று நீங்கள் சொல்லக் கேட்க வேண்டும் என்றிருந்தது.

முகாம் முடிந்து நீங்கள் நேராக மாட்டாஸ்பத்திரிக்கு வந்தீர்கள். “பால் பாத்தியா?”

“பாத்தேங்க்கா. வத்திடுச்சு.”

மயக்க ஊசி போடும் முன் டாக்டர் பூனையின் வயிற்றைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். “மடி மாதிரி தெரியுதே சிஸ்டர்.”

“வத்திடுச்சாம் சார். அவங்க பாத்துட்டாங்க” என்றீர்கள், என் பக்கம் கையைக் காட்டி.

அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்கலாம். ஊசி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. நான் ஆமென்று தலையை ஆட்டினேன்.

மூன்று நாள் அந்தப் பூனை உங்கள் குவார்ட்டர்ஸில் கோழிக்கூடைக்குள் கிடந்து கத்தியது. காயம் வலிக்கிறது என்று முதலில் நினைத்தீர்கள். மூன்றாம் நாள் காலை நான் வந்தபோது, வெந்நீரில் நனைத்த துணியால் அதன் வயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். துணியில் பால். நீங்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. “பால் கட்டிக்கிச்சு” என்று மட்டும் சொன்னீர்கள்.

அன்று மாலை, கோவிந்தம்மாள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில், காலியான ராகிக் குதிருக்குள் நாற்றம் வந்து பார்த்தார்கள். மூன்று குட்டிகள். ஒன்றின் வாய் இன்னொன்றின் காதில் இருந்தது, சப்பியபடியே.

தெருவில் பெண்கள் கூடிவிட்டார்கள். “பால் குடுக்கறதக் கூடவா பாக்க மாட்டீங்க?” என்று யாரோ கேட்டார்கள். நான் உங்களுக்கு ஒரு அடி பின்னால் நின்றேன். நீங்கள் கோவிந்தம்மாளின் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள்: “நான்தான் பாத்தேன். சரியா பாக்கல. என் தப்பு.”

எனக்கு அப்போது வந்தது நிம்மதி. அதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் வந்தது.

அடுத்த வாரம் கோவிந்தம்மாள் வரவில்லை. நீங்கள் நாலு முறை போய்க் கூப்பிட்டீர்கள். வருஷம் திரும்புவதற்குள் மறுபடி உண்டாகிவிட்டாள். வலி வந்தபோது தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்கு அவளைத் தாங்கிக்கொண்டு போனதும் நீங்கள்தான். குழந்தை தங்கவில்லை. அவள் பிழைத்தாள். அன்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர்கூட அவளால் தூக்க முடிவதில்லை. அதற்கப்புறம் நீங்களே கேட்டு சித்தேரிப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனீர்கள். பஸ் ஏறும்போதுகூட நீங்கள் என்னை எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உங்கள் கல்லறையில் சொல்லாததை, போன சனிக்கிழமை கோவிந்தம்மாளிடம் போய்ச் சொன்னேன். அவள் மணிலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்குப் பால் பாத்தது நர்சம்மா இல்ல. நான்தான் பாக்காம விட்டேன்.”

“தெரியும் லைப்ரரியம்மா” என்றாள், கையை நிறுத்தாமல். “நீங்க சாக்கு அவுக்கவே இல்லியே. நான் வாசல்லதான நின்னுட்டிருந்தேன். படிச்சவங்க, உங்களுக்குத் தெரியும்னு இருந்துட்டேன்.”

அவளே தொடர்ந்தாள்.

“குட்டி செத்ததுக்கா நான் வரமாட்டேன்னேன்? தப்பு யாருக்கும் வர்றதுதான். நர்சம்மா என் மூஞ்சியப் பாத்து, நான்தான் பாத்தேன்னாங்க. பூனையப் புடிச்ச அன்னைக்கு அவங்க எங்க வூட்டுப் பக்கமே வரலியே. பொய் சொல்லாதவங்கன்னுதான் உடம்பக் குடுக்க இருந்தேன். பூன விசயத்துக்கே பொய் சொன்னா, நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆனா எங்க வூட்ல அவங்க என்ன சொல்லுவாங்களோன்னு பயந்துட்டேன்.”

உரித்த தோலை ஒதுக்கிவிட்டு, “அப்பறமாச்சும் நர்சம்மா உங்களக் கேட்டாங்களா?” என்றாள்.

“கேக்கல.”

“ம்” என்று முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அக்கா, இத்தனை வருஷமும் என் பழியை நீங்கள் சுமந்தீர்கள் என்று மட்டுமே நினைத்திருந்தேன். அதற்கே வெட்கப்பட்டேன். இப்போதுதான் முழுதும் தெரிகிறது. கோவிந்தம்மாள் உங்களிடம் வராமல் போனது அந்தக் குட்டிகளால் இல்லை. அந்தத் தெருவில் நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவள் வந்திருப்பாள். உங்கள் வாயிலிருந்து நான் கேட்ட பொய் அது ஒன்றுதான். அதை அங்கே வைத்தவள் நான்.