ஒரே ஒரு தடவை மூடிய கூரை

என் ஆசை நைனாவுக்கு,

காரை விற்றுவிட்டேன். சுற்றி வளைத்துப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை காலையில் உங்கள் ஜெர்மன்காரி நம் நந்திதுர்க் ஊரைவிட்டுப் போய்விட்டாள்.

அம்மா அவளைச் சக்களத்தி என்றுதான் கூப்பிடுவாள். அதில் பாதி நியாயம் உண்டு. தங்கச் சுரங்க அதிகாரியின் பங்களாவில், புங்கமரத்தடியில் கோழி அடைந்து கிடந்த வண்டி அது. அந்தக் குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பும்போது, கொண்டுபோய்த் தொலை என்று உங்களிடம் கொடுத்தார்கள். நீங்களும் உங்கள் ஷிஃப்ட்டு ஆட்களும் அதைத் தெருவழியே தள்ளிக்கொண்டு வந்தபோது ஏதோ பெண் அழைத்து வருகிற மாதிரி இருந்தது என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். அது ஓடுவதற்கு நான்கு வருஷம் ஆனது. ஓடிய அன்று உங்களைக் கையில் பிடிக்க முடியவில்லை.

கூரையை மடித்து வைக்கிற வண்டி. கிழிந்த கூரையை எறிந்துவிட்டு, ராபர்ட்சன்பேட்டையில் கூடாரம் தைப்பவரிடம் அளவு கொடுத்துப் புதிதாகத் தைத்து வாங்கினீர்கள். மாட்டினீர்கள், மடித்து வைத்தீர்கள், அதோடு சரி. மழை வந்தால் அம்மா குடை பிடிப்பாள். பின்னால் நானும் சாலமன் அண்ணனும் ஒரே கோணிப்பைக்குள் தலையை நுழைத்துக்கொள்வோம். பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். கேட்டவர்களுக்கு உங்களிடம் ஒரே பதில்தான்.

"ஷிஃப்ட்டு பூரா தலைக்கு மேல கல்லு. மேல வந்தும் இன்னாத்துக்குய்யா கூரை?"

வாங்க வந்தவர் பெங்களூர்க்காரர், நல்ல மனிதர். இரண்டு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். "ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க மேடம். ரூஃப் மட்டும் புதுசாவே இருக்கே, எத்தனை தடவ போட்டிருப்பீங்க?" என்றார்.

"ஒரு தடவைங்க."

அவர் நான் கிண்டல் செய்வதாக நினைத்துச் சிரித்தார். அந்த ஒரு தடவையை அவரிடம் எப்படிச் சொல்வது நைனா?

அன்றைக்குத் தூறல். விடிந்ததிலிருந்தே உங்களுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கூப்பிட்ட ஆட்டோ எதுவும் வரவில்லை. உங்களை முன் சீட்டில் உட்காரவைத்துக் கூரையை இழுத்து மூடினேன். நனைந்தால் இருமல் கூடிவிடும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

"எஸ்தரு, தொறம்மா. மேல கல்லு கீற மாறி கீது."

"தூறுது நைனா. கம்முனு வாங்க."

கம்முனு வாங்க. நான் உங்களிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

பங்காருபேட்டையில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. நீங்கள் மெதுவாகக் கையைத் தூக்கி, விரல் முட்டியால் கூரைத் துணியைத் தட்டினீர்கள். பிறகு கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்தில் தட்டினீர்கள். தலையைச் சாய்த்துக் கேட்டீர்கள். உங்களுக்கு நினைவு தடுமாறுகிறது என்று எண்ணிக்கொண்டு, எப்போது திறப்பான் என்று நான் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட் திறந்தபோது உங்கள் கை மடியில் கிடந்தது. நான் அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரிவரை வேகமாகத்தான் ஓட்டினேன்.

அடக்கம் முடிந்து உங்கள் கூட்டாளிகள் பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. உங்களைப் போன்ற டிம்பர்மேன், சுரங்கத்துக்குள் மரத்தால் முட்டுக்கொடுக்கப் போகுமுன் தலைக்கு மேலே பாறையைத் தட்டிப் பார்ப்பாராம். கணீரென்று கேட்டால் நிற்கும். பொத்தென்று கேட்டால் விழப்போகிறது, ஆட்களை விலக்க வேண்டும். துணி என்ன சத்தம் கொடுத்தது நைனா? விழப்போகிறது என்று நினைத்தீர்களா? பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேனே என்று பதறினீர்களா?

"தொறந்திருந்தா மட்டும் பொழச்சிருப்பாரா? சும்மா இரு," என்கிறான் அண்ணன். டாக்டரும் அதையேதான் சொன்னார். பிழைத்திருப்பீர்கள் என்று நானும் சொல்லவில்லை. பயப்படாமல் போயிருப்பீர்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டே போயிருப்பீர்கள்.

நிறுத்த இடமில்லை, எலி கடிக்கிறது என்று ஊருக்கு ஆயிரம் காரணம் சொன்னேன். அந்த வண்டியில் அதற்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. அதுதான் நிஜம்.

அவர் கூரையை மடித்துக்கொண்டுதான் கிளம்பினார். தெருமுனையில் தூறல் பிடித்தது. வண்டியை நிறுத்தி இறங்கி, கூரையை இழுத்து மூடினார். கத்தி நிறுத்த வாயைத் திறந்தேன். என்னவென்று சொல்வேன்? இனிமேல் அது அவருடைய வண்டி.

வாசலில் நின்ற அம்மா, "மூடிட்டானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சக்களத்தி தொலைந்தாள் என்று சிரிப்பாள் என எதிர்பார்த்தேன். மத்தியானம்வரை அழுதுகொண்டிருந்தாள்.

இன்னொரு செய்தி. வெயிலிலும் மழையிலும் உங்கள் கல்லறைக் கல் கருத்துப்போகிறதாம். நாலு தூண் நட்டுத் தகரம் போட அண்ணன் ஆளிடம் சொல்லிவிட்டான். நேற்று அவனோடு பெரிய சண்டை. கடைசியில், இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னேன். நீங்கள் தட்டியதை, இந்தக் கையாலேயே அவன் முன்னால் சுவரில் தட்டிக் காட்டினேன். அவன் எழுந்து போய் அந்த ஆளுக்குப் போன் செய்து, வரவேண்டாம் என்றான்.

நான் இருக்கிறவரைக்கும் உங்களுக்கு மேலே எதுவும் வராது நைனா. இது சத்தியம். மழை பெய்யட்டும், நன்றாக நனையுங்கள். நான் மூடமாட்டேன்.

உங்கள் கடைக்குட்டி,
எஸ்தர்