கட்டிலுக்கு மேலே ஒரு கண்ணாடித் துண்டு

மார்ச் 4, செவ்வாய்
மன்னித்துக்கொள், இன்றும் எல்லோரும் படுத்த பிறகுதான் உன்னைத் திறக்கிறேன். பக்கத்துப் பழைய தியேட்டரைத் திருத்தத் தொடங்கிவிட்டார்கள். அதன் சுவர்தான் எங்கள் படுக்கையறைக்கும் சுவர். மகள் அகஸ்ரீனாவின் கட்டிலுக்கு மேலே ஒரு வெடிப்பு. அவர்களுடைய எஞ்சினியர் சிமோனா வந்து, வெடிப்புக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சாந்து வைத்து ஒட்டினார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையுமாம். உடைந்தால் உடனே படம் அனுப்பச் சொன்னார்.

மார்ச் 9
உடையவில்லை.

மார்ச் 13
உடையவில்லை. சமைக்கும்போதும் ஓடி ஓடிப் பார்க்கிறேன். ஜெனிஸ்டன் சிரிக்கிறார். “கலியாணம் கட்டின நாளிலை இருந்து என்னை இப்பிடிப் பாத்திருப்பீரோ?”

மார்ச் 19, புதன்
உடைந்துவிட்டது. நடுவில் மயிர் போல ஒரு கோடு.

ஜெனிஸ்டன் வேலையால் வந்ததும் காட்டினேன். முகம் கறுத்துவிட்டது. “பேசாமல் இரும். ஆபத்தெண்டு அவங்கள் வீட்டைப் பூட்டினா எங்கை போறது? பெர்மெசோ, அதுதான் எங்கடை விசா, புதுப்பிக்க இந்த விலாசம்தானே குடுத்திருக்கு? ஆரும் கேட்டா, பிள்ளை பந்தடிச்சு உடைச்சதெண்டு சொல்லுவம்.”

இன்று இங்கே இத்தாலியில் தந்தையர் தினம். பள்ளியில் செய்த காகித டையோடு வாசலில் நின்ற அகஸ்ரீனாவுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. “நோ, பாப்பா! நான் இல்லை!” என்று அப்பாவை இத்தாலியனில் கூப்பிட்டுக் கத்தினாள்.

மார்ச் 20
பிள்ளையை எங்களுக்கு நடுவில் படுக்கவைத்திருக்கிறேன். பகல் முழுக்க அந்தப் பக்கம் இடிக்கிற சத்தம். படத்தை எடுத்து வைத்திருக்கிறேன், அனுப்பவில்லை. அனுப்பினால் வீடு போகும். அனுப்பாமல் விட்டு ஏதும் நடந்தால் — ஐயோ மாதாவே, நான் என்ன தாய்? கம்பஸ் வரைக்கும் படிச்சு என்ன பிரயோசனம், ஒரு படம் அனுப்பத் துணிவில்லை.

மார்ச் 21, வெள்ளி
காலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: “அம்மா, நான் நித்திரையிலை உடைச்சனானோ?”

பந்தைக் குப்பை வாளிக்குள் போட்டிருந்தாள்.

ஜெனிஸ்டன் தேநீரை வைத்துவிட்டு எழும்பினார். கட்டிலைக் கழற்றத் தொடங்கினார்.

மார்ச் 21, இரவு
ஜெனிஸ்டனின் அக்கா றோஸ்மேரி மச்சாள் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறோம். மச்சாள், “தம்பி குறட்டை விட்டா வெளியிலைதான்” என்கிறா. சிமோனாவுக்குப் படத்தை அனுப்பும்போது ஜெனிஸ்டன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “பிள்ளை உடைக்கேல்லை எண்டதையும் எழுதும்.”

எழுதினேன்:

“சிஞ்ஞோரா, கண்ணாடி புதன்கிழமையே உடைந்துவிட்டது. எங்கள் பிள்ளை உடைக்கவில்லை. நாங்கள் வெளியே வந்துவிட்டோம். கீழ்வீட்டில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கெதியாகப் பதில் போடுங்கள்.”