டும் என்று விழிக்கும் பதினேழு இஞ்சு

ஊரிகம், கே.ஜி.எஃப்.
15.7.2001, ஞாயிறு

அன்பு மகள் ராதிகாவுக்கு, அப்பா துரை வாயால் சொல்ல, பக்கத்து வீட்டு மரியகுழந்தையின் மருமகள் ஃப்ளோரா கையால் எழுதும் கடிதம். இங்கே நானும் உன் அம்மாவும் உன் அண்ணன் ரவிகுமாரும் அண்ணியும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் அந்த வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். பின்னால் என்றைக்காவது இதை எடுத்துப் பார்த்தால் எந்த வருஷம் என்று உனக்குக் குழப்பம் வரக்கூடாது. தை மாசம் குஜராத்தில் பூமி ஆடியது, மாசி நடுவில் நம் தங்கச் சுரங்கக் கம்பெனிக்குப் பூட்டு விழுந்து சங்கு நின்றது, சித்திரை முடியத் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியது, இந்த ஆனியில் நம் வீட்டுக்குப் பதினேழு இஞ்சு டப்பா இரண்டு வந்தன. டப்பா என்று சொல்லாதீர்கள் மாமா, மானிட்டர் என்று சொல்லுங்கள் என்கிறாள் ஃப்ளோரா. அவள் எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும், எனக்கு அது டப்பாதான்.

நீ போனில் அவ்வளவு தூரம் சொன்னாய், புதுசாகப் பதினைந்து இஞ்சு வாங்குங்கள், மூன்று வருஷம் கேரண்டி இருக்கும், பழசைத் தொடாதீர்கள் என்று. அதைக் கேட்காமல் நாங்கள் பழசாகப் பதினேழு இஞ்சு வாங்கிவிட்டோம் என்று தெரிந்து உனக்குக் கோபம் என்று உன் அண்ணி சொன்னாள். எஸ்.டி.டி. பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இதையெல்லாம் சொல்ல முடியாது, அதனால்தான் கடிதம். முதலிலிருந்து சொல்கிறேன். கம்பெனி கணக்கு முடித்துக் கொடுத்ததில் ரவி இரண்டு கம்ப்யூட்டர் வாங்கி முன்னறையில் போட்டது உனக்குத் தெரியும். காலையில் பெங்களூர் வண்டி ஏறிப் போகிற பையன்கள் சாயங்காலம் ஊரிகத்தில் இறங்கி, வீட்டுக்குப் போவதற்கு முன்னால் இங்கே ஒரு மணி நேரம் விளையாடுவார்கள். இரண்டு கம்ப்யூட்டரையும் ஒயர் போட்டுச் சேர்த்து ஒருத்தனை ஒருத்தன் சுடுகிற ஆட்டம். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். சுரங்கம் மாதிரி ஒன்றில் ஓடுகிறார்கள், மேலே தாங்க ஒரு மரத்தூண் இல்லை, தலையில் விளக்கு இல்லை, எந்த இன்ஜினீயர் இதற்குக் கையெழுத்துப் போட்டான் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். இரண்டு மாசம் பெஞ்சில் இடம் கிடைக்காது. அதற்குள் ஆண்டர்சன்பேட்டையில் ஒருத்தர் பெரிய பெரிய டப்பாவாக வைத்துக் கடை திறந்துவிட்டார்.

நம்முடையது பதினாலு இஞ்சு, அதுவும் வாங்கும்போதே கிழம். வெளிச்சமான இடம் சுமாராகத் தெரியும், இருட்டு வந்தால் எல்லாம் ஒரே சாம்பல். வைட்ஃபீல்டில் ஃபிட்டராக இருக்கிற பிரேம்தான் ரவிக்கு முதல் வாடிக்கை, அவனே ஒரு நாள் எழுந்துகொண்டு, "அண்ணா, உங்க டப்பால எவன் சுடறான்னே தெரியலண்ணா, செத்தப்புறம்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். ஒரு வாரம் ரவி தனக்குத்தானே விளையாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம் பெங்களூரில் ஒரு செக்யூரிட்டி கம்பெனியில் வேலை கேட்டு எழுதிப்போட்டான், ஜூலை இரண்டாம் தேதி திங்கட்கிழமை வந்து சேரச்சொல்லிக் காகிதமும் வந்தது. போனால் குடும்பத்தோடு போவான், இங்கே நானும் உன் அம்மாவும் மட்டும். உன் அம்மா காகிதம் வந்த மறுநாளே மிளகாய்த்தூள், பருப்புப்பொடி என்று அரைத்து டப்பா டப்பாவாகக் கட்ட ஆரம்பித்தாள். யாருக்கு என்று கேட்டால், "உங்களுக்கு இல்ல" என்றாள்.

அதனால்தான் உனக்குப் போன் செய்தோம், நீயும் பன்னிரண்டாயிரம் அனுப்பினாய், அந்தப் பன்னிரண்டாயிரத்துக்குள் என்ன முடியுமோ அதைச் செய்ய வேண்டும். ராபர்ட்சன்பேட்டையில் சுந்தரராஜ் என்று ஒருவர் கம்ப்யூட்டர் சாமான் விற்கிறார், பெங்களூர்க்காரர், கடை போட்டு ஆறு மாசம்தான் ஆகிறது. நானும் ரவியும் போனோம். புதுப் பதினைந்து இஞ்சு ஏழாயிரத்தைந்நூறு, ஒன்றுதான் வாங்க முடியும். ஒருத்தனுக்குப் புதுசு, எதிரே இருப்பவனுக்குப் பழைய சாம்பல் என்றால் எவன் சாம்பலில் உட்காருவான், அதற்கே சண்டை வரும். மூலையில் பதினேழு இஞ்சு இரண்டு இருந்தன, பெங்களூரில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி மூடி மேசை நாற்காலியோடு விற்றதாம், ஒன்று ஐயாயிரத்தைந்நூறு, இரண்டும் நம் பணத்துக்குள். மூடின கம்பெனிச் சாமான் மூடின கம்பெனிக்காரனுக்கு என்று ரவி சொன்னான், சிரிக்காமல் சொன்னான். சுந்தரராஜ் விடுவாரா, பெரிய படத்துக்கு உள்ளே பெரிய கார்டு வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் நொண்டும் என்று இன்னொன்றையும் தலையில் கட்டப் பார்த்தார். ரவி அதற்கு, படம் பெரிசாகத் தெரிந்தால் போதும், புள்ளியைக் கூட்டாமல் பழைய கணக்கிலேயே ஓட்டிக்கொள்கிறேன், கார்டு அதற்குத் தாங்கும் என்று சொல்லி வாயை அடைத்தான். நல்ல விவரம் இருக்கிறது அவனுக்கு, நீதான் அவனை எப்போதும் விவரம் இல்லாதவன் என்பாய்.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். கடை விளக்கை அணைத்து ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னேன். வெளிச்சத்தில் எல்லா டப்பாவும் அழகுதான், இருட்டைக் காட்டும்போதுதான் அதன் யோக்கியதை தெரியும். முப்பத்தெட்டு வருஷம் சுரங்கத்தில் கீழே வேலை செய்தவனுக்கு இருட்டில் எது கறுப்பு, எது நிழல், எது ஆள் என்று சொல்லித்தர வேண்டாம். புதுப் பதினைந்தைப் போடச்சொன்னேன், கறுப்பு நன்றாக இருந்தது, ஆனால் ஆட்டத்தில் தூரத்து ஆள் கடுகு மாதிரி. ஓரக்கண்ணால் பார்த்தேன், துடிக்கவில்லை. நம் பதினாலு இஞ்சு ஓரக்கண்ணுக்குப் படபடவென்று அடித்துக்கொள்ளும், நேராகப் பார்த்தால் தெரியாது, அதனால்தான் பையன்களுக்குத் தலைவலி வந்திருக்கிறது. சரி, பதினேழைப் போடுங்கள் என்றேன். சுந்தரராஜ் சுவிட்சைத் தட்டினார். டும் என்று அடியிலிருந்து ஒரு சத்தம், உடனே படம் கிடுகிடுவென்று ஆடிற்று.

அடுத்து எனக்குத் தெரிந்தது நான் தெருவில் நிற்கிறேன். பாதி இறக்கின ஷட்டருக்கு அடியில் எப்படிக் குனிந்து வந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது, முதுகில் மட்டும் சிராய்ப்பு. எனக்கு முன்னால் ரவி நிற்கிறான். பெற்ற அப்பனை உள்ளே விட்டு முதலில் ஓடியிருக்கிறான், அவனும் பதினாலு வருஷம் கீழே இருந்தவன்தானே. கீழே பாறை வெடிக்கும்போது, ஏர் பிளாஸ்ட் ஆகும்போது, இப்படித்தான் அடியில் ஒரு டும், உடனே சுவர் பாத்திரம் எல்லாம் ஆடும், நீயும் சின்ன வயசில் எத்தனை முறை பாயிலிருந்து எழுந்து வெளியே ஓடியிருப்பாய். எதிர்ப்பக்கத்து மெடிக்கல் ஷாப்காரர் சும்மா நிற்கிறார், ரோட்டில் மாடு அசை போடுகிறது. அப்போதுதான் ஆடினது ஊர் இல்லை, டப்பா என்று புரிந்தது. சுந்தரராஜ் வெளியே வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். வெட்கத்தில் நான், அது பழுதான டப்பா, எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரவியும் ஆமாம் பழுது என்றான். வெளியூர்க்காரரிடம் வேறு என்ன சொல்வது. வெறும் கையோடு வீட்டுக்கு வந்தோம், உன் அம்மா பொடி டப்பாக்களில் இன்னும் ஒன்றைக் கூட்டினாள்.

சாயங்காலம் மரியகுழந்தை வந்தான். கம்பெனியில் முப்பது வருஷம் எலக்ட்ரீஷியன், மோட்டார் உடம்பில் காதை வைத்தே நோயைச் சொல்கிறவன். நடந்ததைச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் சொன்னான், "பெரிய டியூப்ல காந்தம் ஏறினா கலரு கெட்டுப்பூடும்டா. சுவிட்ச் போட்டதும் உள்ள ஒரு காயில் அதத் தட்டி எறக்குது, அதான் டும்மு. அது சீக்கு இல்ல, சீக்கு வராம பாத்துக்குது. நல்ல டப்பாவ உட்டுட்டு வந்துகீறீங்க, அப்பனும் புள்ளையும்." ரவி அப்போதே சைக்கிளை எடுத்துவிட்டான். ஆண்டர்சன்பேட்டைக்காரர் அன்றைக்கு மத்தியானமே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், மறுநாள் பணத்தோடு வருவதாகச் சொன்னாராம். சுந்தரராஜ் ரவியைப் பார்த்து, பழுது என்று சொல்லிவிட்டுப் போனீர்களே, இப்போது பழுதுக்கு என்ன அவசரம் என்று கேட்டாராம். ஐந்நூறு கூடக் கேட்டு முந்நூறில் நின்றார். அந்த முந்நூறு என் ஓட்டத்துக்கு அபராதம், அதை என் பென்ஷனில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தோம். முன்பக்கம் பதினேழு இஞ்சு, பின்பக்கம் அதற்கு மேல் நீளம், நம் லைன் வீட்டு மேசையில் வைத்தால் அதன் முகம் விளையாடுகிறவன் மூக்கில் இடிக்கிறது. கடைசியில் மேசையை மூலைவாட்டில் திருப்பி, உன் அண்ணியின் தையல் மெஷினைச் சமையல் பக்கம் தள்ளி இடம் பண்ணினோம், அதற்காக அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. இந்த மாசம் காற்று அடித்தால் தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டு மண் முழுக்க வீட்டுக்குள்தான், அதனால் இரண்டு டப்பாவுக்கும் உன் அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து உறை போட்டிருக்கிறது. இப்போது பிரேம் திரும்ப வந்துவிட்டான், கூட இரண்டு பேரையும் கூட்டி வந்தான், சுடுகிறவன் முகமே தெரிகிறதாம். வண்டி வந்து கால் மணிக்குள் பெஞ்சு நிறைகிறது. கேரண்டி இல்லைதான், ஆனால் மரியகுழந்தை ஒரு காதை வைத்துக்கொண்டு தினமும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறான், உன் மூன்று வருஷக் காகிதத்துக்கு அது குறைச்சல் இல்லை. ஆகையால் கோபத்தை விடு.

ஆனால் உன் அண்ணன் பெங்களூருக்குப் போகாமல் நின்றது பெஞ்சு நிறைந்ததைப் பார்த்து இல்லை, அதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். டப்பா வந்தது சனிக்கிழமை, அவன் போய்ச் சேர வேண்டியது திங்கள். கடையை அண்ணி பார்த்துக்கொள்ளட்டும், வருமானம் நிச்சயமில்லாததை நம்பி நான் இங்கே உட்கார முடியாது என்று ஞாயிறு காலையில்கூடச் சொன்னான், பெட்டியும் கட்டியாகிவிட்டது. மத்தியானம் நான் சாப்பிட்டுச் சுவரோரம் கண் அயர்ந்திருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் இரண்டையும் ஒரே சுவிட்சில் போட்டிருக்கிறான். டும் என்று இரட்டைச் சத்தம், டப்பா மேல் வைத்திருந்த டம்ளர் எல்லாம் கிணுகிணுத்தன. காந்தம், காயில் என்று தலைக்குத்தான் தெரியும், தூக்கத்தில் இருக்கிற உடம்புக்கு யார் சொல்வது. சுரங்கத்தில் எண்பத்தெட்டாம் லெவலில் பாறை சரிந்து நாங்கள் ஏழு பேர் மாட்டிக்கொண்ட வருஷம் எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாசம். விளக்கு போய், தூசி அடைத்துப் பக்கத்தில் யார் என்றே தெரியாது. அந்த நேரத்தில் ஒருத்தன் பேர் கூப்பிடுவான், பேருக்கு உரியவன் உயிரோடு இருக்கிறேன் என்பதற்குக் கீறேன் என்று குரல் கொடுக்க வேண்டும், குரல் வராத பக்கம் முதலில் தோண்டுவார்கள், அதுதான் கீழே வழக்கம். அன்றைக்குக் கூப்பிட்டவன் நான், ஆறு பேரும் குரல் கொடுத்தார்கள்.

இப்போதும் எழுந்து உட்கார்ந்து கூப்பிட்டிருக்கிறேன், எனக்கே தெரியாது, உன் அண்ணி சொல்லித்தான் தெரியும். ஏனோக் என்றேனாம், ராஜப்பா என்றேனாம், சின்னப்பன், முனிரத்தினம், கண்ணாயிரம் என்று வரிசை மாறாமல். ஏனோக் நெஞ்சில் தூசி அடைத்து எழுபத்தாறாம் வருஷம் போனான், ராஜப்பா குடியாத்தத்தில் மகள் வீட்டில் கண்ணை மூடினான், சின்னப்பன் லாரியில் அடிபட்டு, முனிரத்தினமும் கண்ணாயிரமும் ஒரே மழைக்காலத்தில். ஒவ்வொரு பேருக்கும் நடுவில் நிறுத்திக் காத்திருந்தேனாம். ஆறாவது பேரைக் கூப்பிட்டபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "கீறேன்பா, கீறேன். படுத்துக்கோ" என்று குரல் வந்தது. அதைக் கேட்டுத்தான் எனக்கு விழிப்பு. கண்ணைத் திறந்தால் ரவி மேசைக்கு அடியில் ஒயரைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் அவன் பேரைக் கூப்பிடவில்லை. அவனாகவே, "ரவிகுமார். கீறேன்பா" என்றான். திங்கட்கிழமை காலை வண்டி அவன் இல்லாமல் போயிற்று. உன் அம்மா பொடி டப்பாக்களைப் பிரித்துக் குழம்பு வைக்க ஆரம்பித்தாள், இன்னும் தீரவில்லை, யாராவது அந்தப் பக்கம் வந்தால் உனக்கு இரண்டு கொடுத்தனுப்புகிறாள்.

நீயும் மாப்பிள்ளையும் வேலைக்கு வேலை, வேளைக்குச் சாப்பாடு என்று இருங்கள், உங்கள் கையில் எடுத்தது எல்லாம் நல்லபடியாக நடக்கும், அப்பா அம்மா ஆசி எப்போதும் உண்டு. ஆஸ்பத்திரி லேப்பில் கம்ப்யூட்டர் பார்க்கிறாயே, ஓரக்கண்ணால் பார், துடித்தால் மாற்றித்தரச் சொல். பதில் எழுதும்போது ஒரு வரி மட்டும் தனியாக எழுத மறக்காதே, ஃப்ளோராவின் மாமனாருக்கு என்று பேர் போட்டு எழுது, அவள் படித்துக்காட்டுவாள். அந்த ஆறு பேரில் நான் கூப்பிட்டால் இன்னும் குரல் கொடுக்கிறவன் மரியகுழந்தை ஒருவன்தான்.

இப்படிக்கு உன் அப்பா,
துரை
(இடது கைப் பெருவிரல் ரேகை)