இரண்டாவது கரண்டி

கல்முனைக்குடி
புதன் இரவு

அன்புள்ள மச்சானுக்கு, பஸ்னா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

நம் மகள் ஹிமாயா இப்போது சுகம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பதறாமல் மற்றதை வாசியுங்கள். இருமல் இன்னும் விடவில்லை. ஆனால் சாப்பிடுகிறாள், பூனைக்குப் பின்னால் ஓடுகிறாள். ஃபோனில் சொல்ல ஏலுமென்றால் சொல்லியிருப்பேன். நீங்கள் ஆறு பேரோடு ஒரு அறையில். இங்கே நான் ஃபோனை எடுத்தாலே சுற்றி நாலு பேர். வெள்ளிக்கிழமை கட்டாருக்குத் திரும்பும் றமீஸ் நானாவிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

என் உம்மா, தங்கச்சியின் பேறு பார்க்கப் பொத்துவிலுக்குப் போன கிழமைதான் பிள்ளைக்குத் தடிமன் பிடித்தது. உங்கள் உம்மா நான் கூப்பிடாமலே சாய்ந்தமருதிலிருந்து வந்து நின்றார். நாலு இரவு. படுத்தால் இருமல், இருமினால் சத்தி, குடித்ததெல்லாம் வெளியே. நானும் மாமியும் மாறி மாறித் தோளில் போட்டு நடந்தோம். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தால் என் முகத்திலேயே துப்புவாள்.

ஐந்தாம் நாள் பின்னேரம் நான் மருந்து வாங்கப் பாமசிக்குப் போன நேரம், நீங்கள் பார்சலில் அனுப்பிய இருமல் பாணியை மாமி எடுத்திருக்கிறார். நிறை கூடும் என்று பெட்டியையும் விளக்கத் தாளையும் நீங்கள் கழற்றிவிட்டீர்கள். போத்தலில் இங்கிலீஷ் பக்கம் பார்சல் டேப்போடு உரிந்து போய், மிச்சம் அரபு மட்டும். குர்ஆன் ஓதுகிற பழக்கத்தில் மாமி அதை எழுத்துக் கூட்டி வாசித்திருக்கிறார். கருத்து விளங்கவில்லை. ஆனால் அந்த எழுத்தில் வந்தது கெடுதல் செய்யாது என்று நம்பி, பிஸ்மி சொல்லி ஒரு கரண்டி பருக்கியிருக்கிறார். கெம்பஸில் படித்த எனக்கும் அரபு ஓதத்தான் தெரியும்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு பிள்ளை எழும்பவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்தும் கண் திறக்கவில்லை, தூக்கினால் கை தொங்கியது. ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். யார் என்ன கொடுத்தது என்று டொக்டர் கேட்டதும் மாமி என்னைத் தள்ளிக்கொண்டு முன்னுக்குப் போய், “நான்தான் குடுத்த டொக்டர், இவக்கு ஒண்டும் தெரியா” என்று சொன்னார். விடியும்வரை வார்டில் வைத்துப் பார்த்தார்கள்.

உங்களுக்கும் மாமியேதான் சொன்னார். அதற்கு நீங்கள், “படிக்காத ஆக்களுக்கு மருந்துப் போத்தல்ல என்னம்மா வேல” என்று வொய்ஸ் மெசேஜ் அனுப்பினீர்கள். மாமி அதை என் பக்கத்தில் இருந்துதான் கேட்டார். திரும்பவும் போட்டுக் கேட்டார். பிறகு உடுப்பை மடித்து பேக்கில் வைத்து, “இனி இந்தப் புள்ளைக்கு நான் தண்ணியும் பருக்க மாட்டன் மகள்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மச்சான், அன்று நான் பாமசியால் வந்து செருப்பைக் கழற்றும்போதே, “ஒரு கரண்டி குடுத்திட்டன், நீ இனிக் குடுக்காத” என்று மாமி சொன்னார். எனக்கு நன்றாகக் கேட்டது. மாமி அஸர் தொழ நின்ற நேரம், பாமசிப் பாணியில் நானும் ஒரு கரண்டி கொடுத்தேன். இருமலுக்கு மட்டும் இல்லை. அது குடித்தால் பிள்ளைகள் தூங்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவள் தூங்கினால் நானும் கொஞ்சம் கண்ணை மூடலாம். அவ்வளவுதான்.

வார்டில் மாமி வெளியே போன நேரம் டொக்டரிடம் அதைச் சொல்லிவிட்டேன். இரண்டிலும் இருக்கிறது தூக்கம் வரவைக்கிற ஒரே மருந்துதானாம். இரண்டரை வயதுக்கு இரண்டுமே கொடுக்கக் கூடாதாம். தடிமன் இருமல் இரண்டு கிழமைக்குள் தானாகப் போகும், கொஞ்சம் தேனும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் கொடுத்தால் போதும் என்றார். என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

மாமியிடம் இதைச் சொல்ல, நாளை பிள்ளையைக் கொண்டு சாய்ந்தமருதுக்குப் போகிறேன். நேற்றும் போனேன். வாசலில் மாமியின் செருப்பைக் கண்டுவிட்டு, ஓட்டோவைத் திருப்பச் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் உங்கள் கையில் கிடைக்கிறபோதும் என் கரண்டி பற்றி அவருக்குத் தெரியாமல் இருந்தால், நீங்களே சொல்லிவிடுங்கள். உங்கள் உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். என்னை ஏசுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல தூக்கத்தைத் தரட்டும்.

இப்படிக்கு,
பஸ்னா