சுடுவதற்கு முன் கூப்பிடும் பெயர்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

மொன்டானாவில் இரண்டு நாளாக மழை. கோதுமை நனைந்து கிடப்பதால் அறுவடை இயந்திரங்கள் சும்மா நிற்கின்றன. மழை விட்ட நேரம் பார்த்து, பண்ணைக்கார அம்மா ஆர்டிஸ், அறுவடை வேலைக்கு வந்திருக்கும் எங்களை மேய்ச்சல் நிலத்துக்குக் கூட்டிப்போனார். வேலிக்கட்டைகள் மேல் தகர டப்பாக்களை வைத்து, ஆளாளுக்கு ரைபிளால் சுட்டோம். அவர்கள் வீட்டு நாய்களும் கூடவே ஓடிவந்தன.

என் முறை வந்தது. சுடுவதற்கு முன் நாய்கள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் வந்தாக வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கமாயிற்றே! வாய் தானாகக் கூப்பிட்டுவிட்டது: "டக்கர்! ஜூனோ! பெப்பர்!"

ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆர்டிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா மார்லிஸ், உங்க நெப்ராஸ்கா நாய்ங்க இங்க வந்து சேர்றதுக்குள்ள அறுவடையே முடிஞ்சிடும்!"

நானும் சிரித்தேன். அப்புறம் ஒரு டப்பாவைக்கூட வீழ்த்த முடியவில்லை. காற்று அடித்தது என்று சொல்லிவிட்டேன். ஒரு புல்கூட அசையவில்லை, அப்பா.

என் கம்பளிக் காலுறைகளை அனுப்பும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். ஜூனோ படுக்கும் பழைய போர்வையையும் சேர்த்துக் கட்டுங்கள். துவைக்க வேண்டாம்.

வெயில் வந்துவிட்டது, வயலுக்குப் போகும் வண்டிக்குக் கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சுடப்போகும்போது, நாய்களின் பெயர்களோடு கடைசியாக என்னையும் கூப்பிடுங்கள். நான் ஓடிவந்து நிற்கும் அளவுக்குப் பொறுத்து, அப்புறம் சுடுங்கள்.

உங்கள் மகள்,
மார்லிஸ்