குங்குமம் வைக்கக் கூடாத இடம்

நேற்று விழுப்புரத்திலிருந்து ஒருவர் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து இறங்கினார். நெல்லும் உளுந்தும் வாங்கி விற்கும் மண்டிக்காரர். தராசில் காட்டும் எடை இரண்டு நாளாகப் பில்லில் ஏறவில்லையாம். பெட்டியை மேசைமேல் வைத்துப் பின்பக்கம் திருப்பினேன். தூசிக்கு நடுவே, ஒயர் செருகும் துளைகளில் ஒன்றன் பக்கத்தில் மட்டும் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. உனக்கு எந்தக் காலத்திலும் வட்டமாகப் பொட்டு வைக்க வந்ததில்லை. வலப்பக்கம் ஒரு வால் இழுத்துக்கொண்டு போகும்.

இதைப் போட்டுக் கொடுத்தவர் இறந்த பிறகு தொட ஆளே கிடைக்கவில்லை என்றார் மண்டிக்காரர். லினக்ஸ் என்றாலே விழுப்புரத்தில் எல்லோரும் கையை விரித்துவிடுகிறார்களாம். திண்டிவனத்தில் அது தெரிந்த ஒருவன் இருக்கிறான் என்று யாரோ சொல்லி வந்தாராம். நீ போனது எனக்கு யாரும் சொல்லித் தெரியவில்லை. ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மாலை போட்ட உன் படத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேர பஸ் பயணம்தான். வரவில்லை. இது உன்னை மன்னித்து எழுதும் கடிதமும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திண்டிவனத்தில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து நடத்திய கம்ப்யூட்டர் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தபோது அந்த மல்லாட்டை மண்டி வேலை வந்தது. அங்கே இரண்டு தராசு, ஒன்று போர்டில் வேர்க்கடலை என்று எழுதியிருந்த மல்லாட்டைக்கு, ஒன்று எள்ளுக்கு. இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் போய்ச் சேரும். விண்டோஸுக்குக் காசு கொடுக்க வேண்டாமே என்று நாம் லினக்ஸ் போட்டுக் கொடுத்தோம். அதில் இருந்த பேஜாரு உனக்குத் தெரியும். எந்தக் கருவி முதலில் கண்ணில் படுகிறதோ அதற்குப் பூஜ்யம், அடுத்ததற்கு ஒன்று என்று அதுவே பேர் வைத்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்தால் பேர் மாறிவிடும். காலையில் மல்லாட்டையாக இருந்த தராசு மத்தியானம் எள்ளாகிவிடும்.

அதற்கு வழி அந்த லினக்ஸிலேயே இருந்தது. யூடெவ் என்று ஒரு பகுதி, வாசலில் நிற்கும் காவலாளிபோல. கருவி உள்ளே வந்ததும் நீ யார், எந்தத் துளை வழியாக வந்தாய் என்று விசாரித்து, நாம் எழுதி வைத்த விதிப்படி நிரந்தரமாக ஒரு பேர் வைக்கும். நம்மிடம் இருந்தவை மலிவான ஒயர்கள். தனி எண்கூடக் கிடையாது. ஒரு ஒயருக்கும் இன்னொன்றுக்கும் அதற்கு வித்தியாசமே தெரியாது. ஆகவே எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்தே விதி எழுதினேன். ஒரு துளைக்கு மல்லாட்டை, இன்னொன்றுக்கு எள்ளு. எழுதியது நான். ஒயரும் வாடிக்கையாளரும் உன் பாடு. ஒயரை மாற்றிச் செருகிவிடக் கூடாதே என்று உன் மனைவியின் நகப்பூச்சை எடுத்து வந்து மல்லாட்டைத் துளைக்கும் அதில் செருகும் ஒயருக்கும் பொட்டு வைத்தாய். அன்றைக்கு நீ பெட்டியின் பக்கத்தில் குனிந்து, குழந்தைக்குப் பேர் வைப்பதுபோல "மல்லாட்டை, மல்லாட்டை, மல்லாட்டை" என்று மூன்று முறை சொன்னாய். மூட்டை தூக்குகிறவர்கள்கூடச் சிரித்தார்கள். நானும் எவ்வளவு சிரித்தேன்.

பிறகு அந்த ஆயுத பூஜை. மண்டியில் எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும் என்று முதலாளி சொல்ல, முந்தின நாள் சாயங்காலம் நீ மட்டும் போனாய். ஒயர்களைப் பிடுங்கினாய். பெட்டியைத் தின்னர் போட்டுத் துடைத்தாய். துணியோடு நகப்பூச்சில் பாதி போயிற்று. துடைத்த கையோடு முன்னும் பின்னும், துளைக்குத் துளை, ஒயருக்கு ஒயர், சந்தனமும் குங்குமமும் வைத்தாய். எல்லாவற்றிலும் சிவப்புப் பொட்டு. அதில் எது நம் பொட்டு? தோன்றியபடி செருகிவிட்டு வந்துவிட்டாய்.

பூஜை முடிந்து மண்டி திறந்த அன்று எள்ளுக்கு மல்லாட்டை எடையும் மல்லாட்டைக்கு எள்ளு எடையுமாகப் பில் வந்தது. எடை அதிகமாக வந்தவர்கள் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். குறைந்தவர்கள் கூடி நின்றார்கள். ஓமந்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் பில்லைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார். நம்மைக் கூப்பிட்டார்கள். நான் பெட்டியைத் திருப்பிப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. ஒயர்களை மாற்றிச் செருகினேன். அடுத்த பில் சரியாக வந்தது.

அதுவே எனக்கு வினையாயிற்று. "பாத்தியா, இவன் கை வெச்சா மட்டும் சரியாப் பூடுது" என்றார் கூட்டத்தில் ஒருவர். குங்குமம் வைத்ததில் அடையாளம் மறைந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன்.

"களவாணித்தனம் பண்ணிட்டு சாமி குங்குமத்து மேலயா பழிய போடற?" என்றார் முதலாளி.

நான் உன்னைப் பார்த்தேன். என் பக்கத்தில்தான் நின்றாய். கை நீட்டினால் தொடலாம். முதலாளி உன்னிடம் கேட்டார். நீ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்:

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அந்தப் பேர் வெக்கிற வேலையெல்லாம் அவன்தான் பாத்துக்கினு இருக்கான்."

பேர் வைத்தது நான்தான். அதில் பொய் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் சொன்னாயா? குங்குமம் வைத்தது நான் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேரும் திட்டு வாங்கிக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்போம்.  

அந்த மாதமே நீ விழுப்புரத்தில் தனிக்கடை போட்டாய். எனக்கு எடைத் திருடன் என்று பேர் வந்தது. எந்த மண்டிக்காரரும் அதன்பின் என்னை உள்ளே விடவில்லை. காமிரா மாட்டியும் பிரிண்டர் பார்த்தும் காலம் தள்ளினேன். என் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி அந்தப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறாள். என் பெண் வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் தாங்கவில்லை.

நேற்று உன் பெட்டியைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்தேன். என் விதி. ஒரு எழுத்து மாறவில்லை. நெல் தராசுக்கு மல்லாட்டை என்று பேர், உளுந்துத் தராசுக்கு எள்ளு என்று பேர். உனக்கு மாற்றி எழுதத் தெரியாது. கேட்க என்னிடம் வரவும் முகம் இல்லை. எந்த விதியைக் காட்டி என்னைக் கைகழுவினாயோ அதை வைத்தே இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வந்தது, மண்டிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கோளாறு சின்னதுதான். யாரோ ஒயரை வேறு துளையில் செருகியிருந்தார்கள். சரியான துளையில் செருகி, மங்கியிருந்த உன் பொட்டின்மேல் என் பையிலிருந்த நகப்பூச்சால் இன்னொரு பொட்டு வைத்தேன். அந்தப் புட்டியை நான் விடவில்லை. காய்ந்தால் புதிதாக வாங்கிக்கொள்கிறேன். கடைப் பெண் ஒவ்வொரு முறையும் யாருக்கு என்று கேட்டுச் சிரிப்பாள்.

அந்த வாசனை பட்டதும் மண்டிக்காரர் உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"பூஜை வந்துட்டா போதுங்க, ஜல்தியா போன் பண்ணிடுவாரு. முன்னாடி எவ்ளோ வேணா குங்குமம் வெச்சிக்கோங்க, பின்னாடி மட்டும் வெக்காதீங்க, அதனால ஒருத்தன் பொழப்பே போச்சும்பாரு. எல்லா மண்டிக்கும் பண்ணுவாரு. யாரு அந்த ஆளுன்னு கேட்டா சொல்ல மாட்டாரு."

எல்லா மண்டிக்கும் பண்ணியிருக்கிறாய். வருஷா வருஷம். என் நம்பர் மாறவே இல்லை.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். படி இறங்கும்போது, "பின்னாடி குங்குமம் வெக்காதீங்க" என்று நானும் சொன்னேன். நீ செய்துகொண்டிருந்த வேலை இனி என் தலையில்தானே. அவர் நின்று திரும்பி, "அந்த ஆளை உங்களுக்குத் தெரியுமாங்க?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன். "நான்தாங்க அது."