பேச்சில்லாத அழைப்பு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். அம்மாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

நீ இப்போதெல்லாம் போனை எடுப்பதில்லை. அதில் எனக்குக் கோபமில்லை. எடுத்திருந்தாலும் சொல்ல வந்ததை நான் சொல்லியிருக்க மாட்டேன். "சாப்டியா, பையன் எப்படி இருக்கான்" என்பதைத் தாண்டி எனக்குப் போனில் பேச்சு வராது. எழுதினால் ஓரளவு வரும். எதையும் விட்டுவிடக் கூடாது என்பதால், சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. மாலை நேரத்து வீடியோ அழைப்புகள் பாதியில் அறுந்தது அம்மாவின் கையால் அல்ல.
2. அவை எப்படி அறுந்தன. அதற்கும் என் பழைய வேலைக்கும் என்ன தொடர்பு.
3. அம்மாவின் உடல்நிலை, டாக்டர் சொன்னது.
4. லைன் இப்போது சரியாகிவிட்டது. அம்மா உன்னைத் திரையில் பார்க்கிறாள், அது அவளுக்குப் போதும். ஆகவே வேலையைக் கெடுத்துக்கொண்டு நீ வர வேண்டியதில்லை.

எழுதிப் பார்த்தால் அலுவலக அறிக்கை போல இருக்கிறது. என்ன செய்வது, எனக்கு வேறு விதமாகத் தெரியாது. கல்யாணத்துக்கு முன் உன் அம்மாவுக்கு எழுதிய முதல் கடிதத்திலும் இப்படித்தான் எண் போட்டிருந்தேனாம். "ஆசையா ஒரு வார்த்தை இருக்கான்னு தேடினேன், அஞ்சாம் நம்பர்ல இருந்துச்சு" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

முதலில் அந்தக் கை.

நீ கடைசியாகப் பேசியது எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. "அம்மாவோட இடது கை திரை ஓரமாவே இருக்குப்பா. கொஞ்ச நேரம் பாக்கறாங்க, அப்புறம் கட் ஆயிடுது. தினமும். அவங்களேதான் பண்றாங்கன்னு எனக்குப் புரியுது. என்னைப் பாக்கப் பிடிக்கலைன்னா விடுங்க, நான் தொந்தரவு பண்ணல" என்றாய். நான் "அப்படியெல்லாம் இருக்காதும்மா" என்றேன். சொன்ன குரலிலேயே எனக்கும் சந்தேகம் இருந்ததை நீ கண்டுகொண்டிருப்பாய். நீ அந்தத் தூரத்து வேலைக்குக் கிளம்பிய அன்று அம்மா சொன்னதை நாம் இருவருமே மறக்கவில்லை. "போறவ போ. இங்க யாரும் உன்னை எதிர்பாத்துக்கிட்டு உக்காந்திருக்கல" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தாள். அதற்குப் பிறகு உனக்கென்று இன்னொரு வாக்கியம் அவள் வாயிலிருந்து வருவதற்குள் பக்கவாதம் வந்து, பேச்சும் வலது பக்கமும் போய்விட்டன.

நீ அப்படிச் சொல்லும்வரை நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். வேலை அவசரத்தில் நீதான் வைத்துவிடுகிறாய் என்று நினைத்தேன். கேட்டால் உனக்குச் சங்கடம் என்று கேட்கவில்லை. எனக்குச் சங்கடம் என்று நீயும் நெடுநாள் கேட்கவில்லை. நம் வீட்டில் இந்த நாகரிகம் கொஞ்சம் அதிகம்தான்.

எனக்கு முதலில் பொறி தட்டியது, அம்மாவைச் சேர்த்திருக்கும் பராமரிப்பு இல்லத்தில் அவளுடைய பக்கத்துக் கட்டில்காரியால். நர்ஸுகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ரேடியோ. விழித்திருக்கும் நேரமெல்லாம் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார். ஆள் கிடைக்காவிட்டால் மின்விசிறியைத் திட்டுவார். அவர் நன்றாகத் திட்டும் நாட்களில் உன் அழைப்பு நீண்டது. அவரை மகன் வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்த வாரத்தில் ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. தற்செயலாக இருக்கலாம் என்றுதான் எண்ணினேன். ஆனாலும் இல்லத்தின் இணைய லைனைப் பார்த்துக்கொள்பவரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைவிடச் சில வயதே இளையவர். எதைச் சொன்னாலும் முதலில் இல்லை என்பார். "லைன்ல ஒரு குறையும் இல்ல சார். சீரியல் பாக்கறவங்க ஒருத்தர்கூடப் புகார் சொல்லல. நின்னா விடுவாங்களா என்னை?" என்றார். நான் வழக்கம்போலத் திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் மறுபடியும் போனேன். போனது எனக்கே ஆச்சரியம்.

இந்த முறை சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஆளில்லாத ஓர் அறையில், கட்டிலில் ஒரு தலையணையைச் சாய்த்து வைத்து, அதன் முன், நீ அழைக்கும் அம்மாவின் டேப்லெட் கருவியை நிறுத்தினோம். வராந்தாவில் உட்கார்ந்து என் போனிலிருந்து அழைத்தேன். நீ செய்வதுபோலவே என் பக்கத்துச் சத்தத்தை அணைத்துவிட்டேன். பையன் போடும் கூச்சல் அம்மாவை எழுப்பிவிடக் கூடாது என்று நீ அப்படிச் செய்வதாக ஒருமுறை சொன்னாய் அல்லவா? மாலையில் எல்லா அறைகளிலும் படமும் பேச்சும் ஓடத் தொடங்கியதும், ஒரு கையும் படாமல் அழைப்பு அறுந்தது. அடுத்து ஜன்னலைத் திறந்து திரைச்சீலையைக் காற்றில் ஆடவிட்டோம். அறுந்துபோகவில்லை. மூன்றாவது தடவை ஜன்னலை மூடியதும் மறுபடி அறுந்ததைப் பார்த்த பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தலையணைக்குக் கை கிடையாது சார்" என்றார். அந்த வாக்கியத்துக்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆக முதல் குறிப்பு முடிந்தது. அம்மா அழுத்தவில்லை. தயவுசெய்து இதை நம்பு.

இரண்டாவது. அவர் இல்லத்தின் இணையப் பெட்டியில் இருக்கும் அமைப்புகளைத் திறந்து காட்டினார். எந்தப் போக்குவரத்து முதலில் போகலாம், எது காத்திருக்கலாம், எதை நெரிசல் நேரத்தில் நிறுத்திவிடலாம் என்று அதில் வகை பிரித்திருக்கும். மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தேன். கடைசி வகையின் விளக்கத்தை இரண்டு முறை படித்தேன். "குறிப்பிடத்தக்க அசைவோ ஒலியோ இல்லாத நிலையில் தொடரும் இணைப்புகள்." வேலையில் இருந்த காலத்தில் நான் எழுதியது. வார்த்தைகூட மாறவில்லை.

உனக்கு என் வேலையைப் பற்றி நான் சரியாகச் சொன்னதில்லை. இணையத்தில் எது போனாலும் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகிறது. ஆரம்ப காலத்தில் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, இது பேச்சு, இது படம், இது கடிதம் என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ற வழியில் அனுப்பினார்கள். பிறகு எல்லோரும் பொட்டலத்தைப் பூட்டி அனுப்பத் தொடங்கினார்கள். அதுவே நியாயமும்கூட. பிரிக்காமல் எப்படி வகைப்படுத்துவது என்பதுதான் எங்கள் குழுவின் முன் இருந்த கேள்வி. பல மாதம் ஒன்றும் ஓடவில்லை. வீட்டில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது உன் அம்மா என்னவென்று கேட்டாள். சொன்னேன். தொலைபேசி நிலையத்தில் லைன் கொடுக்கும் வேலை பார்த்தவள் அல்லவா, சிரித்துவிட்டாள். "இதுக்கா இவ்வளவு யோசனை? என்ன பேசறாங்கன்னு ஒட்டுக் கேக்கறது தப்பு. ஆனா எப்படிப் பேசறாங்கன்னு காதுல விழத்தானே செய்யும்? கடைக்காரர் பேசினா கடகடன்னு போகும். வீட்டுக்குப் பேசறவங்க விட்டு விட்டுப் பேசுவாங்க. நடை தெரிஞ்சா ஆள் தெரியாதா?" என்றாள்.

அந்த நடையைத்தான் நாங்கள் கணக்காக்கினோம். பொட்டலத்தின் அளவு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, இரண்டு மட்டும். பேச்சுக்கு ஒரு நடை, படத்துக்கு ஒன்று, கடிதத்துக்கு ஒன்று. அதற்குக் காப்புரிமை கிடைத்தது. நிறுவனம் எனக்கு ஒரு கேடயம் தந்தது. அம்மா அதைப் பழைய பேப்பர் கட்டின் மேல் பாரமாக வைத்தாள். "என் பேரைப் போட்டீங்களா?" என்று கேட்டாள். போடவில்லை. "அப்ப பேப்பருக்கு இருக்கட்டும்" என்றாள்.

கடைசி வகையும் அவள் சொன்னதிலிருந்து வந்ததுதான். "பேச்சு ஓஞ்சுடுச்சுன்னா நாங்க பிளக்கை எடுத்து லைனை வெட்டிடுவோம். பாவம் பாத்துக்கிட்டு இருந்தா, வெளியே காத்துக்கிட்டு நிக்கறவங்க என்ன பண்ணுவாங்க?" என்றாள். எனக்கு அது சரியாகப் பட்டது. அது தவறான விதி என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. காத்திருப்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அம்மா அசைவதில்லை, பேசுவதில்லை. நீ சத்தத்தை அணைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாய். பொட்டலங்கள் மெலிந்து, இடைவெளி நீண்டுவிடும். இந்த அழைப்பில் யாரும் இல்லை என்று பெட்டி முடிவு செய்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்துகொண்டே பேசாமல் இருப்பார்கள் என்பதற்கு எங்களிடம் ஒரு வகை இருக்கவில்லை. யாருக்கும் அது தோன்றவில்லை. உன் அம்மாவுக்கும் தோன்றவில்லை. அவள் பேசாமல் இருந்ததே கிடையாதே.

மூன்றாவது. இதைச் சுருக்கமாக எழுதுகிறேன். அம்மா இப்போது குறைவாகவே விழுங்குகிறாள். தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் தருகிறார்கள். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, மருந்து மாற்றியிருக்கிறார்கள். வலி இல்லை என்கிறார்கள். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "தூரத்துல இருக்கறவங்க யாராச்சும் இருந்தா தகவல் சொல்லிடுங்க" என்றார். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார். தகவல் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

நான்காவது. லைன்காரர் அம்மாவின் கருவியைத் தனியாகக் குறித்து, அது எதை அனுப்பினாலும், ஒன்றுமே அனுப்பாவிட்டாலும், முதல் வகையில் வைக்கும்படி பெட்டியை மாற்றிவிட்டார். "உங்க விதியை நானே மீறிட்டேன் சார், கோபம் இல்லையே?" என்றார். இனி நீ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவளுடன் சும்மா இருக்கலாம். புது மேலாளர் விடுமுறை கேட்டாலே முகம் சுளிப்பதாக நீ சொல்லியிருக்கிறாய். பக்கவாதம் வந்தபோதே ஒருமுறை வந்து போனாய். பையனுக்கும் தேர்வு நேரம். கட்டிலின் குறுக்கே இருக்கும் சக்கர மேசையில் கருவியை வைத்தால் அம்மா அதையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீ திரையில் வந்தால் போதும்.

இதுவரை நேற்று எழுதினேன். அனுப்புவதற்கு முன் லைனை இன்னொரு முறை சோதித்துவிடலாம் என்று நிறுத்திவைத்தேன். சரியென்று எழுதிவிட்டு அது சரியாக இல்லாமல் போய்விட்டால், அதன் பிறகு நீ எதை நம்புவாய்?

இன்று மாலை போனேன். ஜன்னல் பக்கம்தான் இணைய வேகம் நன்றாக இருக்கிறது என்று லைன்காரர் சொன்னதால், சக்கர மேசையை அந்தப் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, வராந்தாவுக்கு வந்து என் போனிலிருந்து அழைத்தேன். உள்ளே அழைப்பை எடுத்துக் கொடுத்தது நர்ஸ். சத்தத்தை அணைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தேன். அழைப்பு அறுந்துபோகவே இல்லை. எல்லா அறையிலும் சீரியல் முடிந்து செய்தி தொடங்கும்வரை இருந்தது. ஆனால் என் திரையில் அம்மாவின் ஒரு பக்கத்துக் கன்னமும் காதும்தான் தெரிந்தன. கழுத்து திரும்பச் சிரமப்படுகிறாள் போலும் என்று உள்ளே போய் மேசையை அவளுக்கு வலப்பக்கம் மாற்றினேன். அப்போதும் திரும்பவில்லை. இடப்பக்கம் வைத்தேன். இல்லை. பழையபடி நேரே வைத்தேன், பார்த்தாள். ஒரு சந்தேகத்தில் கருவியை எடுத்துவிட்டு வெறும் மேசையை மட்டும் விட்டேன். அதே பார்வை.

நர்ஸ் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். "என்ன ஐயா, மேசையை இப்படி உருட்டிக்கிட்டே இருக்கீங்க?" என்றார். அவள் திரையைப் பார்க்கவில்லையே என்றேன். "அவங்க எப்பங்கய்யா அதைப் பாத்தாங்க? கதவைத்தான் பாப்பாங்க. யாராச்சும் உள்ள வந்தா முகத்தைப் பாப்பாங்க. அப்புறம் மறுபடியும் கதவுதான். நீங்க வந்தாக்கூட அப்படித்தான், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

கதவு கட்டிலுக்கு நேரே இருக்கிறது. மேசை இத்தனை மாதமும் இரண்டுக்கும் நடுவில் நின்றிருக்கிறது. நான் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்ததால் எனக்கு அது தெரியவில்லை.

நர்ஸ் போன பிறகு கொஞ்ச நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன்னைப் பற்றிச் சொன்னேன். கேட்டாளா என்று சொல்லத் தெரியவில்லை. அந்த நேரத்தில் சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தை முதலிலிருந்து படித்தேன். முதல் மூன்று குறிப்புகளில் மாற்ற ஒன்றுமில்லை. நான்காவதை அடித்துவிட்டு வேறு எழுத மூன்று தரம் முயன்றேன். என்ன எழுதினாலும் உன் வேலையில் கை வைப்பதுபோல இருக்கிறது. எழுதாவிட்டால் அம்மாவுக்குத் துரோகம் செய்வதுபோல இருக்கிறது. இத்தனை வயதுக்குப் பிறகும் ஒரு வாக்கியத்தை நேராக எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. நீ படித்தவள், புரிந்துகொள்வாய்.

மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல். பேரனுக்கு என் ஆசி. நீ எங்கே இருந்தாலும், எந்த வழியில் இருந்தாலும், பத்திரமாக இரு.

நான்காவது குறிப்பு தவறு.

அப்பா